41 பைகளும் ஒரு வாக்கரும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. கடைக்குக் கொண்டுபோகும் பைகள் அதில்தான் தொங்கும். 2021 ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடித்தபோது பாரம் தாங்காமல் அந்த ஆணி சுவர்க் காரையோடு பெயர்ந்து விழுந்தது. கீழே குவிந்த பைகளை எண்ணினேன். 41. அதில் 26 கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. 9 துணிக்கடையும் நகைக்கடையும் கொடுத்தவை. மீதி 6 நானே காசு போட்டு வாங்கியவை. அந்த ஆறையும் வாங்கிய நாட்களில், பிளாஸ்டிக்கை விட்டொழித்த பெண்மணி என்று என்மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு தனியார் கம்பெனியில் 20 வருஷமாக வவுச்சர், லெட்ஜர், ஸ்டாக் புத்தகம். வாங்கிய சாமான் எத்தனை நாள் உழைத்தது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே பைகளுக்கும் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் கடைப் பைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பருத்தியை விளைவிக்கத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து. நூற்கவும் நெய்யவும் மின்சாரம். அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சாதாரணப் பருத்திப் பை ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேல் என்று சொல்ல, பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே அது 52 தடவை கடைக்குப் போய்வர வேண்டும். தண்ணீர், மண், ஓசோன் என்று எல்லா அளவுகோலிலும் ஜெயிக்க வேண்டுமென்றால் 7,100 தடவை. இயற்கை முறையில் விளைந்த பருத்தி என்றால் 20,000.

என் 41-ல் நிஜமான பருத்தி 24 தேறியது. மீதி 17 துணி மாதிரி இருக்கும், ஆனால் துணி இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடும் பாவும் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டியது தெரியும். ஒரு மூலையில் தீக்குச்சியைக் காட்டினால் உருகிச் சொட்டும். பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் இந்த நெய்யாத பையும் ஒன்று என்பது கல்யாண மண்டபங்களுக்கு இன்னும் யாரும் சொல்லாத சேதி போலிருக்கிறது.

24 பையை 52-ஆல் பெருக்கினால் 1,248. வாரத்துக்கு இரண்டு தடவை காய்கறி, மளிகைக்குப் போகிறோம், வருஷத்துக்கு 104. கடன் தீர 12 வருஷம். 7,100 கணக்கைப் போட்டேன், 1,638 வருஷம் வந்தது. களப்பிரர் காலத்திலிருந்து விடாமல் கீரை வாங்கியிருந்தால் இப்போதுதான் அடைந்திருக்கும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே சந்தோஷப்பட்டு, அப்படியானால் பிளாஸ்டிக் பையே மேல் என்பார்கள். நான் இருப்பது ஆதம்பாக்கம். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு மழைநீர் வடிகாலிலிருந்து வாரிப் போட்ட குவியலைப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் பை. டென்மார்க்கில் பை கால்வாயில் போய் அடைக்காது, மாட்டின் வயிற்றுக்குள் போகாது. அந்த அறிக்கை குப்பையாகச் சிதறுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் அதுதான் முக்கால் பங்குக் கணக்கு. ஆக, துணிப் பை வேண்டும், 41 வேண்டாம். கைப்பைக்குள் ஒன்று, வண்டி டிக்கியில் இரண்டு, ஆணியில் மூன்று வைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் தெருமுனைக் கீரைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். பை இல்லாமல் வருகிறவர்களுக்கு அதில் போட்டுக் கொடுக்கிறார். அந்த வருஷம் டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்தது. பிறகு கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். எனக்கு அந்த இயக்கத்தின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் என் வீட்டில் பற்றாக்குறை பைக்கு இல்லை. கடைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிற ஞாபகத்துக்குத்தான்.

பை விஷயம் அதோடு ஓய்ந்திருக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. நாள்கணக்கில் புகைந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பிய ராத்திரிகளில் ஜன்னலை மூடிவிட்டுக் கிடந்தோம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஏற்கெனவே இழுப்பு. விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். கிடங்கை ஒட்டிக் கிடக்கிற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அதே 2022-ல்தான் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது, உலகத்துக்கே முக்கியமான ஈரநிலம் என்று. துரைப்பாக்கம் போகும் 200 அடி ரேடியல் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பூநாரை நிற்கும், மறுபக்கம் மூக்கைப் பிடிக்க வேண்டும்.

இந்தக் குப்பை மலையில் என் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மே மாதம் முழுக்க, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் தினமும் குப்பையை மாட்டி எழுதினேன். அப்போது நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், அத்தை, மாமா, பிளஸ் டூ முடித்திருந்த மகள். மாதக் கடைசியில் மொத்தம் 58 கிலோ. அதில் காகிதம், அட்டை 7 கிலோ. எல்லா வகை பிளாஸ்டிக்கும் சேர்த்து 4. கண்ணாடி, தகரம் 2. பெருக்கிய தூசி, நாப்கின், இன்ன பிற 6. மீதி 39 கிலோ ஈரம். காய்கறித் தோல், முருங்கைச் சக்கை, காபிச் சக்கை, சாமிக்குப் போட்ட பூ, ஊசிப்போன குழம்பு.

தராசு பொய் சொல்லாது என்பதால் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். பத்து வருஷமாக நான் கூசிக் குறுகியதெல்லாம் அந்த 4 கிலோவுக்காக. மூன்றில் இரண்டு பங்கான 39 கிலோவைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அது மட்கிப் போய்விடும், இயற்கைதானே என்று இருந்துவிட்டேன். கிடங்கில் அது மட்குவதில்லை. மேலே மேலே கொட்டி அமுக்குவதால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகினால் வருவது மீத்தேன். 100 வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தீ பிடித்தால் அணையாமல் அடியிலேயே கனன்றுகொண்டிருப்பதும் அதனால்தான். அழுகலிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கும். கூடவே கிடக்கிற அட்டையையும் பிளாஸ்டிக்கையும் அந்த ஈரம் நனைத்து யாருக்கும் உதவாமல் ஆக்கிவிடும். வடசென்னையில் கொடுங்கையூர்க் கிடங்குக்கு எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் மக்கள் கைகோத்து நின்றார்கள். அவர்கள் பயந்தது புகைக்கு. நான் ஒரு சமையல்காரியாக யோசித்தேன். பாதிக்கு மேல் ஈர விறகை வைத்துக்கொண்டு எந்த அடுப்பு ஒழுங்காக எரியும்?

அந்த 39 கிலோ வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணுவது சுலபம்.

அடியில் ஓட்டை போட்ட மூன்று மண்தொட்டி வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். முதல் தொட்டியில் ஒரு வாரம் சமையல் கழிவை மட்டும் போட்டு மூடினேன். எட்டாம் நாள் திறந்தபோது வந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை போதாது. அழுகிய முட்டை, சாக்கடை, இரண்டும் ஒன்றாக. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "எலி கிலி செத்துப்போச்சான்னு பாருங்க" என்றார். இணையத்தில் தேடிப் புண்ணியமில்லை. எங்கள் கம்பெனித் தோட்டக்காரர்தான் ஒரே வார்த்தையில் சொன்னார், "சருகு போடலியா?" ஒரு பங்கு ஈரம் போட்டால் இரண்டு பங்கு காய்ந்த இலை போட வேண்டும். இலைதான் காற்றுக்கு இடம் விடுகிறது, ஈரத்தையும் குடிக்கிறது. எங்கள் வளாகத்தில் ஒரு பாதாம் மரமும் இரண்டு வேம்பும் உண்டு. தினமும் பெருக்கி மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்த சருகை வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். இரண்டு கை சருகு, ஒரு கை கழிவு, வாரத்துக்கு ஒரு தரம் புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளி, கிளறிவிடு. நாற்றம் நான்கே நாளில் நின்றது.

அடுத்து புழு. விரல் நுனி நீளத்துக்குப் பழுப்பாக, நெளிந்துகொண்டு நூற்றுக்கணக்கில். மகள் அலறினாள். அது வீட்டு ஈயின் புழு இல்லை, கறுப்புப் படைவீரன் ஈ என்று ஒன்று, அதன் புழு. நோய் பரப்பாது, வாழைப்பழத் தோலை இரண்டே நாளில் தின்று தீர்க்கும். இது எனக்குத் தெரிந்த பிறகும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. சருகைக் கூடப் போட்டால் குறைகிறது. நவம்பர் மழைக்கு மூடியை ஒழுங்காக வைக்காமல் விட்டு ஒரு தொட்டி குளமாகி, எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி உலர்த்தி மறுபடி ஆரம்பித்தேன். இப்போது மழைக்காலத்துக்கென்று வெயிலிலேயே நான்கு சாக்குச் சருகு சேர்த்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுகிறேன். மழையில் நனைந்த சருகு எதற்கும் ஆகாது.

39 கிலோ மூன்று மாதத்தில் ஏழெட்டுக் கிலோ உரமாகச் சுருங்குகிறது. மாடித் தோட்டம் போட்டு வீட்டுக்கு வேண்டிய காய்கறியை நானே விளைவிக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு கத்தரிச் செடியும் ஒரு கறிவேப்பிலையும் இருக்கின்றன. மாவுப்பூச்சிக்கும் எங்களுக்கும் கத்தரிக்காயில் சரிபாதிப் பங்கு. மிச்ச உரம் பாதாம் மரத்தடிக்கே போகிறது. மீன் கழிவை மட்டும் தொட்டியில் போடுவதில்லை, பூனை வரும். ஞாயிற்றுக்கிழமை மீனை மார்க்கெட்டிலேயே வெட்டிச் சுத்தம் பண்ணி வாங்கிக்கொள்கிறோம்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "நீங்க பிரிச்சுக் குடுத்து என்ன, அவங்க எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" வீடுகளிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. தெருமுனையில் எல்லாம் ஒரே லாரியில் ஏறியதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் ஈரத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் இந்தக் கேள்வியே பாதி செத்துப்போகிறது. நான் வெளியே அனுப்புவது காய்ந்த குப்பை மட்டும். அவர்கள் எதோடு கலந்தாலும் அதனால் நாற்றம் எடுக்கப் போவதில்லை.

லாரிக்கு முன்னால் நடக்கிற பிரிப்பு ஒன்று இருக்கிறது. அது பலர் கண்ணில் படுவதில்லை. எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வருகிற அக்கா, வண்டியின் இரண்டு பக்கமும் சாக்கு மாட்டியிருப்பார். பாட்டில், பால் கவர், அட்டை எல்லாம் கை போகிற வேகத்தில் சாக்குக்குள் போகும். அன்றன்றைக்குக் காயலான் கடையில் போட்டுக் காசாக்குவார். நான் குழம்பும் பிளாஸ்டிக்கும் கலந்து கட்டிக் கொடுத்தபோது அந்தக் கைதான் அதற்குள் போயிருக்கிறது. ஒருநாள் அவரே சொன்னார். "பிரிக்கிறதெல்லாம் அப்புறம் இருக்கட்டும்மா. ஒடஞ்ச கண்ணாடிய மட்டும் பேப்பர்ல சுத்தி, சொல்லிக் குடு. போன மாசம் கை கிழிஞ்சு ஆறு தையல்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காட்டினார். கையுறை கொடுத்திருந்தார்களாம், ஒரு வாரத்தில் ஓட்டையாம். அன்றிலிருந்து உடைந்த டம்ளர், டியூப் லைட், பிளேடு, மாமாவின் சர்க்கரை ஊசி எல்லாம் தனி அட்டைப்பெட்டி. நாப்கினைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி.

பால் கவருக்கு வருகிறேன். தினம் மூன்று அரை லிட்டர், மாதம் 90 கவர். எடை போட்டால் மொத்தமே கால் கிலோ வராது. தடை வந்தபோது பாலுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், வேறு வழியும் இருந்திருக்காது. இதில் அத்தை எனக்குக் குரு. கவர் மூலையை வெட்டும்போது துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுவார். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் எந்த வலையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போவது. கவரை அலசி, சமையல் மேடைச் சுவரில் ஒட்டிவிடுவார். காய்ந்து தானே விழும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடையில் போட்டால் இரண்டு காபிக்கு ஆகும். பணம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனாலும் விலை என்று ஒன்று இருப்பதால்தான் அது தெருவில் கிடப்பதில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்தவர்கள் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த வித்தை. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழித்த ஊர் அது. பத்து ரூபாய் செய்த வேலையை ஆயிரம் விழிப்புணர்வுப் பலகை செய்யாது. சிப்ஸ் பாக்கெட்டுக்கு இந்த விலை கிடையாது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது, சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போனால் போனது. அதைக் கழுவுவது வீண். நான் கழுவுவதில்லை.

பசுமைச் சாமான்கள் பற்றி ஒரு வாக்குமூலம். மகள் காலேஜ் சேர்ந்த வருஷம் வீட்டுக்குள் ஒரு அலை அடித்தது. மூங்கில் டூத் பிரஷ் ஐந்து வந்தது. பிடிதான் மூங்கில், நார் நைலான். பழைய பிரஷ்கள் இன்னும் இரண்டு மாதம் ஓடியிருக்கும், அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இது. எவர்சில்வர் ஸ்ட்ரா நான்கு வந்தது. இந்த வீட்டில் ஸ்ட்ரா போட்டு யாரும் எதையும் குடித்ததில்லை, இளநீரைக்கூட அண்ணாந்து குடிக்கிற வம்சம். அடுத்தது தென்னை நார் ஸ்க்ரப்பர், 150 ரூபாய். அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய், அன்று உரித்த தேங்காயின் நாரை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்து பங்கு போட்டு மூன்று மாதம் ஊற வைத்தால் தரை துடைக்கும் திரவம் கிடைக்கும் என்றாள் மகள். உண்மைதான், கிடைக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். செமஸ்டர் பரீட்சையில் மறந்துபோனாள். ஒரு மத்தியானம் ஸ்டோர் ரூமில் வெடிச் சத்தம். அரிசி டின், அப்பளக் கட்டு, தீபாவளிக்கு எடுத்து வைத்த வேட்டி எல்லாவற்றின் மேலும் வெல்லக் குழம்பு. அவற்றைத் துடைக்க எத்தனை வாளித் தண்ணீர் போயிற்று என்பதைக் கணக்கில் எழுதவில்லை, வீட்டில் சண்டை வரும்.

தண்ணீர் என்றதும் 2019 ஞாபகம் வருகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை. எங்கள் கிணறு வற்றி, லாரிக்கு முன்பதிவு செய்து காத்திருந்தோம். ஆளுக்கு நாலு வாளி. அந்த மூன்று மாதமும் நாங்கள் சாப்பிட்டது மந்தார இலையிலும் பாக்குமட்டைத் தட்டிலும். எவர்சில்வர் தட்டு வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் அந்த மாதம் அதைக் கழுவத் தண்ணீர் இல்லை. பால் கவரை அலசுவதையும் அத்தை நிறுத்திவிட்டார். எது பசுமை என்பதற்கு ஒரே பதில் கிடையாது, மே மாதத்தில் ஒன்று நவம்பரில் ஒன்று. சுத்திகரிப்பு இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளும். அந்தக் குழாயை வாளிக்குத் திருப்பி வீடு துடைக்கவும் கழிவறைக்கும் எடுத்த பழக்கம் மட்டும் அந்தக் கோடையிலிருந்து ஒட்டிக்கொண்டது.

மின்சாரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட். ஹாலில் 16 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 260 யூனிட் மிச்சம். மூங்கில் பிரஷ் வாங்கி வாழ்நாள் முழுக்கத் தேய்த்தாலும் இது வராது. ஆனால் ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட்டு மாற்றவில்லை. காயில் போனபோது ஒவ்வொன்றாக மாற்றினோம்.

இதில் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காத ஒன்று. கவர் அலசுவது, பை எடுத்து வைப்பது, பிரிப்பது, கிளறுவது எல்லாம் யார் வேலை? முதல் வருஷம் என் வேலையும் அத்தை வேலையும். வீட்டுக்காரர் விருந்தாளிகளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "நாங்க ஜீரோ வேஸ்ட்" என்று காட்டுவார். ஒருநாள் ஆபீஸ் கணக்கு முடிக்கிற மார்ச் 31 ராத்திரி பத்து மணிக்கு வந்து, தொட்டி கிளறாமல் கிடந்ததைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. "இது என்னால ஆகாது, நாளைலேருந்து குப்பை வண்டிக்கே போகட்டும்" என்றேன். மறுநாளிலிருந்து மண்தொட்டி அவர் பொறுப்பு. சரியாகத்தான் செய்கிறார். புழுவுக்கு என்னைப் போல அவர் பயப்படுவதில்லை.

2023 கடைசியில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முதலில் வாக்கர் பிடித்து நடந்தார். பிறகு அதுவும் இல்லாமல் எட்டு மாதம் படுக்கை. அத்தை பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்துப் பார்த்தார். இரண்டே வாரத்தில் முதுகுக்குக் கீழே தோல் சிவந்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ், ஈரம் நின்றால் படுக்கைப் புண் வந்துவிடும், டயப்பரே போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். தினம் நான்கு. நனைந்தது ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். மரக்கூழ், ஈரத்தை உறிஞ்சும் பாலிமர், வெளியே பிளாஸ்டிக். எதிலும் சேர்க்க முடியாது, எதுவாகவும் மாற்ற முடியாது. எங்கள் வீட்டுக் குப்பை முன்பு மொத்தமாகவே ஒரு நாளுக்கு இரண்டு கிலோதான். இப்போது அந்த மனிதர் ஒருவருக்கே இரண்டு கிலோ. கறுப்பு உறையில் கட்டி, சிவப்புக் குறி போட்டு, பேட்டரி வண்டி அக்காவிடம் ஒவ்வொரு நாளும் கையில் கொடுத்தேன். முதல் நாள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "எங்கம்மாவுக்கும் இதே கதிதான், குடு" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த எட்டு மாதம் என் நோட்டில் ஒரு எண்ணும் இல்லை. தராசை எடுக்கவே இல்லை.

மாமா போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் என்ன மிஞ்சியது என்று பார்த்தோம். பிரிக்காத டயப்பர் பொட்டலம் மூன்று, காற்று மெத்தை, கமோடு நாற்காலி, வாக்கர். டயப்பரும் மெத்தையும் அத்தையின் தங்கை வீட்டுக்குப் போயின, அங்கேயும் ஒரு வயசான மாமியார். நாற்காலியை டாக்டர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாக்கர் எங்களுடையதே இல்லை. தரைத்தளத்து ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் இடுப்பு எலும்பு முறிந்தபோது வாங்கியது. அவருக்குப் பிறகு எதிர் பிளாக்கில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட டீச்சரம்மா, அங்கிருந்து மாமா. ஒவ்வொரு வீட்டிலும் உயரத்துக்கு ஏற்றபடி காலின் பொத்தானை எந்த ஓட்டையில் மாட்டினார்கள் என்பதற்கு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. ஒன்று சிவப்பு, ஒன்று ரோஸ். மாமாவுடையதை மகள் நீலத்தில் வைத்திருந்தாள். கீழே ரப்பர் குமிழ்கள் நான்கும் தேய்ந்திருந்தன. வடபழனியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் புதுசாக வாங்கி வீட்டுக்காரர் மாட்டினார், 80 ரூபாய். துடைத்து, கதவோரம் நிறுத்தி வைத்தோம்.

மூன்றாம் மாடி அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தது போன மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவர் மகன் வந்து வாசலில் நின்றான். "அத்த, அந்த வாக்கர் யார்ட்ட இருக்கு இப்போ?"